முயலின் தண்ணீர்ப் பானை

"முயலுக்குத் தண்ணீர் எதற்கு? புல்லில் உள்ள ஈரமே அதற்குப் போதுமே!" நம் சங்கத் திண்ணையில் முயல் வளர்ப்பைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இந்தச் சொல்லும் கூடவே எழுகின்றது. சொல்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆடு மாடு வளர்த்துப் பழகியவர்கள். தறியிலும் நிலத்திலும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். அவர்கள் சொல்வதாலேயே அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏறிவிடுகின்றது. புதிதாகக் கூண்டு வாங்கும் இளைஞர்களும் அதை நம்பிவிடுகின்றனர். நம்பியதன் விலையைச் சித்திரையிலும் வைகாசியிலும் முயல்கள் தம் உயிரால் கொடுக்கின்றன.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் முயல் வளர்ப்பை உபதொழிலாகக் கொள்ள விரும்பும் உறுப்பினர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. கூண்டைப் பற்றி எண்ணுவதற்கு முன்னே தண்ணீரைப் பற்றி எண்ணுதல் வேண்டும். எந்த இனம், எத்தனை குட்டி, கிலோ என்ன விலை என்பவையெல்லாம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள். சித்திரை மாதத்து உச்சி வேளையில் அந்தப் பிராணி குடிக்கத் தக்க தண்ணீர் அதன் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்குமா என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை இல்லாத வீட்டிற்கு முயல் போகலாகாது. சங்கத்தின் கடனும் போகலாகாது.

நம்பிக்கை பிறந்த இடம்

முயல் தண்ணீர் குடிக்காது என்னும் நம்பிக்கை காட்டு முயலைப் பார்த்துப் பிறந்தது. நம் சோளக் கொல்லைகளிலும் கரட்டுச் சரிவுகளிலும் திரியும் காட்டு முயல் பகலெல்லாம் புதர் நிழலில் பதுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்த பின்னரே மேயப் புறப்படும். பச்சைப் புல்லில் எடையில் முக்கால் பங்குக்குமேல் நீரே உள்ளது. விடியற்காலைப் பனித்துளியும் அதன்மேல் படிந்திருக்கும். ஆகவே அது குளக்கரைக்கு வந்து நீர் குடிப்பதை நாம் காண்பது அரிது. காணாததை இல்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

காட்டு முயல் வேறு, கூண்டில் வளரும் முயல் வேறு. காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். நாம் வளர்ப்பது ஐரோப்பிய முயலின் வழியில் வந்த வீட்டு இனங்கள். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயண்ட் என்பன அவற்றுள் சில. அவற்றுக்கு நாம் பச்சைப் புல்லை மட்டும் கொடுப்பதில்லை. தவிடும் பிண்ணாக்கும் தானியமும் கலந்த அடர்தீவனமும் கொடுக்கின்றோம். கோடையில் அகத்தியும் வேலிமசாலும் குறையும்போது காய்ந்த புல்லையும் கொடுக்கின்றோம். காய்ந்த தீனி தின்னும் பிராணி தண்ணீர் இன்றி அதைச் செரிக்க இயலாது. தண்ணீர் குறைந்தால் முயல் முதலில் தீனியைக் குறைத்துவிடும். தீனி குறைந்தால் குட்டி பெருக்காது. தாயிடம் பால் சுரக்காது. "முயல் ஏனோ தின்ன மாட்டேன் என்கின்றது" என்று மருந்து தேடுவோர் பலர், முதலில் தண்ணீர்ச் சட்டியைத் தொட்டுப் பார்த்தல் நலம்.

மலையும் சமவெளியும்

முயல் வளர்ப்பைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே பனிக்காலத்தில் தண்ணீர்க் கிண்ணம் கல்லாய் உறைந்துவிடும். புட்டியின் குழாயில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே அந்நாட்டார் விடியலிலும் மாலையிலும் வெதுவெதுப்பான நீரைச் சுமந்து செல்கின்றனர். புட்டிகளுக்குத் துணி சுற்றுகின்றனர். மின்சாரத்தால் சூடேறும் கிண்ணங்களையும் வாங்குகின்றனர். உறைந்த கிண்ணத்தை நக்கி முயல் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ள முடியாது என்று அந்நூல்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன.

தமிழ்நாட்டிலும் இந்தத் தொல்லையை அறிந்த இடங்கள் உண்டு. நீலகிரியில் உதகையைச் சுற்றிய தாழ்வான புல்வெளிகளில் மார்கழி, தை மாத விடியல்களில் உறைபனி படிகின்றது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் இத்தகைய குளிர் உண்டு. அந்த மன்னவனூரில்தான் மத்திய செம்மறியாட்டு உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை இருக்கின்றது. அங்கே செம்மறியாட்டோடு முயலையும் வளர்த்து ஆராய்கின்றனர். தமிழ்நாட்டில் இறைச்சி முயல் வளர்ப்பைக் கற்கச் சென்றவர்கள் பலர் ஏறிய மலை அது.

நம் சமவெளியின் கதை வேறு. மார்கழிக் குளிரில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டாலும், நம் வாசலில் வைத்த தண்ணீர் உறைவதில்லை. நம் தலைக்குமேல் நிற்கும் ஏற்காட்டிலுங்கூட முயலின் நீர் உறைந்துவிடுமோ என்று எவரும் இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. நம் பகை பங்குனியில் தொடங்குகின்றது. சேலத்திலும் நாமக்கல்லிலும் சித்திரை, வைகாசிப் பகல்களில் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி ஏறுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். காவிரிக்கு அப்பாலுள்ள கரூர் பரமத்தியின் பெயர் கோடை வானிலைச் செய்தியில் முன்வரிசையில் வருவதையும் கேட்கின்றோம்.

குளிர்நாட்டில் கிண்ணம் நிறைய நீர் இருந்தும் முயல் தாகத்தால் தவிக்கின்றது, ஏனெனில் அது பனிக்கட்டி. நம் நாட்டிலும் கிண்ணம் நிறைய நீர் இருந்தே முயல் தவிக்கின்றது, ஏனெனில் அது சுடுநீர். இரண்டிலும் குறை ஒன்றே. நீர் இருக்கின்றது, ஆனால் குடிப்பதற்கு இல்லை. ஆகவே அந்நூல்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது துணி சுற்றும் முறையை அன்று. 'தண்ணீர் இருக்கின்றதா என்று மட்டும் பாராதே. அது குடிக்கும் நிலையில் இருக்கின்றதா என்று பார்' என்னும் பாடத்தையே எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

நெசவாள அன்பர்கள் சிலர் அங்கோரா முயலின் உரோமத்தைப் பற்றிக் கேட்கின்றனர். நேர்த்தியான இழை என்பது உண்மை. ஆனால் அது குளிர்மலைப் பிராணி. இமாசலத்திலும் உத்தராகண்டிலும் அதை வளர்ப்பதற்குக் காரணம் அங்குள்ள குளிரே. அடர்ந்த உரோமத்தைச் சுமக்கும் அந்தப் பிராணியை இராசிபுரத்து வெயிலில் கொண்டுவந்து வைப்பது, கம்பளியைப் போர்த்தி ஒருவரை அடுப்பருகே உட்கார வைப்பதற்கு ஒப்பாகும்.

முயலின் உடல்

முயலுக்கு வியர்வை இல்லை என்றே சொல்லலாம். மாட்டைப் போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிர்ந்துகொள்ள அதனால் இயலாது. நாயைப் போல் நாக்கை நீட்டி இளைத்து வெப்பத்தை வெளியேற்றும் திறனும் அதற்கு மிகக் குறைவு. நீண்ட காதுகளில் ஓடும் குருதியின் வழியாகவும், விரைந்த மூச்சின் வழியாகவுமே அது தன் வெப்பத்தைக் கழிக்கின்றது. சுற்றிலும் உள்ள காற்று உடலைவிடக் குளிர்ந்திருந்தால் தானே காது வெப்பத்தை விடும்? முயலின் உடல் வெப்பம் 39 டிகிரியை ஒட்டியது. வெளிக்காற்றும் அந்த அளவுக்கு ஏறிவிட்டால் காதுகளாலும் பயனில்லை.

15 முதல் 25 டிகிரி வரை முயலுக்கு இதமான வெப்பம். 30 டிகிரியைத் தாண்டினால் அது வருந்தத் தொடங்கும். 35 டிகிரிக்கு மேல் அதன் உயிருக்கே இடர். கருவுற்ற தாய் முயல்தான் முதலில் வீழும். உயிர் பிழைத்த ஆண் முயலும் பழைய ஆண் முயலாய் இராது. கடும் வெப்பத்தால் அதன் விந்து கெட்டு, சில வாரங்கள் வரை இணை சேர்த்தும் சினை பிடியாது. ஆனியில் குட்டி இல்லையே என்று வருந்துவோர் சித்திரை வெயிலை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இந்த நிலையில் அதற்கு எஞ்சியிருக்கும் பெருந்துணை குளிர்ந்த குடிநீரே. வளர்ந்த முயல் ஒன்று சாதாரண நாளில் கால் லிட்டர் அளவு நீர் குடிக்கும். பால் கொடுக்கும் தாயோ குட்டிகள் பெருகப் பெருக ஒரு லிட்டரையும் தாண்டிக் குடிக்கும். கோடையில் இந்த அளவு இன்னும் கூடும். ஆனால் நீர் உடலைப் போலச் சூடேறியிருந்தால், மிகுதியாகக் குடிக்க வேண்டிய வேளையில் அது குறைவாகக் குடிக்கும்.

இதைக் கோழி வளர்ப்போர் நன்கு அறிவர். இதமான நாளில் தீனியின் எடையைப் போல இரு மடங்கு நீர் குடிக்கும் முட்டைக் கோழி, கடுங்கோடையில் நான்கு மடங்கும் அதற்கு மேலும் குடிக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிடும் வானிலை ஆலோசனையில் 'வெப்ப அயற்சி' என்னும் சொல் கோடையில் அடிக்கடி வருவதைப் பண்ணையாளர் அறிவர். கூரைமேல் நீர் தெளித்தும், தென்னங்கீற்று வேய்ந்தும், தீனியைக் காலையும் மாலையுமாக மாற்றியும் அவர்கள் தம் கோழிகளைக் காக்கின்றனர். இலட்சக் கணக்கில் கோழி வளர்க்கும் ஊர் கற்ற பாடத்தைப் பத்து முயல் வளர்க்கும் நாம் கற்றுக்கொள்ளலாகாதா?

நான் கற்ற விதம்

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தறிக் கொட்டகையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, எட்டுப் பெண் முயல்களும் இரண்டு ஆண் முயல்களும் வைத்தேன். கூரையின் மேலே ஒரு கறுப்புத் தொட்டி. அதிலிருந்து கறுப்புக் குழாய். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு நிப்பிள். முயல் நாவால் தொட்டால் நீர் வரும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டேன். சட்டி கழுவும் வேலை இல்லை, நீர் சிந்துவதில்லை, அழுக்குப் படுவதில்லை. ஐப்பசியில் தொடங்கி மாசி வரை ஒரு குறையும் இல்லை.

சித்திரையில் ஒரு நாள் உச்சி வேளை கழிந்து, தறியை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். முயல்கள் பக்கவாட்டில் நீண்டு கிடந்தன. மூக்கு நனைந்து, மூச்சு வேகமாக ஓடியது. நிப்பிளை அழுத்தினேன், நீர் வந்தது. 'தண்ணீர் இருக்கின்றது' என்று மனம் ஆறித் தறிக்குத் திரும்பினேன். மாலைக்குள் சினை முயல்கள் மூன்று இறந்தன. மறுநாள் அதே வேளையில் நிப்பிளை அழுத்தி நீரை உள்ளங்கையில் ஏந்தியபோதுதான் உண்மை விளங்கியது. கை பொறுக்காத சூடு! காலை முதல் வெயிலில் காய்ந்த குழாயில் தேங்கி நின்ற நீர் அது. முதல் நாளே கையில் ஏந்திப் பார்த்திருந்தால் அந்த மூன்று உயிர்களும் போயிருக்க மாட்டா. குற்றம் கூண்டினுடையதும் அன்று, கூண்டு விற்றவருடையதும் அன்று, என்னுடையதே.

பக்கத்து வீட்டு முதியவள் ஒருத்தி, ஐம்பது ஆண்டுகள் தார் சுற்றியவள், இறந்த முயல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் கண்ணு, நூலுக்குச் செய்யத் தெரிந்ததை உயிருக்குச் செய்யத் தெரியவில்லையா?" அந்தக் கேள்வி என்னை விட்டு இன்னும் அகலவில்லை. கோடையில் நூல் உலர்ந்து அறும் என்று தறியின் அடியில் நீர் தெளிக்கின்றோம். குழித்தறியின் குழி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பாவு அறுவது குறையும் என்றும் அறிவோம். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவோர் வெயில் ஏறுமுன்னே வேலையை முடித்துவிடுகின்றனர். ஈரம், நிழல், வேளை ஆகிய மூன்றையும் நூலுக்காக ஆளத் தெரிந்த குலம் நம்முடையது. அவற்றையே முயலுக்கும் ஆண்டால் போதும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நீரைச் சேர்த்து வைக்கும் கலம். கோடையில் மண்பானைக்கு நிகர் வேறில்லை. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே உள்ள நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 லிட்டர் கொண்ட பானையில் 100 மில்லி மட்டும் கசிந்து ஆவியானால், எஞ்சிய நீரின் வெப்பம் கணக்குப்படி ஏறத்தாழ 6 டிகிரி குறையும். வெளியிலிருந்தும் சூடு உள்ளே வருமாதலின் நடைமுறையில் அவ்வளவு குறையாது. ஆயினும் முயல் விரும்பிக் குடிப்பதற்கும் வெறுத்து ஒதுக்குவதற்கும் உள்ள வேறுபாடு அந்தச் சில டிகிரிகளே. பானையை நிழலில், காற்று ஓடும் இடத்தில், ஈர மணலின்மேல் வைத்தல் வேண்டும். வெளியே கோணிச் சாக்கைச் சுற்றி நனைத்து வைத்தால் இன்னும் நன்று.

நம் ஊர்க் கிணற்று நீரில் உப்பு மிகுதி. பானையின் புறத்தே வெள்ளை பூத்துத் துளைகள் அடைபட்டால் குளிர்ச்சி குறைந்துவிடும். ஆகவே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவதோடு, ஆண்டுதோறும் பங்குனியில் புதுப்பானை வாங்குதல் நலம். வானம் மூடி, காற்றில் ஈரம் மிகுந்து புழுங்கும் நாளில் பானையும் அதிகம் குளிராது. அன்று நீரை அடிக்கடி மாற்றுவதொன்றே வழி.

இரண்டாவது, குழாய். நிப்பிளைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அது தூய்மையானது, வேலையைக் குறைப்பது. ஆனால் அதற்கு நீர் கொடுக்கும் கலம் கூரைமேல் இருத்தலாகாது. கொட்டகையின் உள்ளே நிழலில், கூண்டைவிடச் சற்று உயரத்தில், குழாய் பொருத்திய மண்பானையையோ சாக்குச் சுற்றிய கேனையோ வைத்தல் வேண்டும். கிணற்றிலிருந்து கொட்டகைக்கு வரும் குழாயை இரண்டடி ஆழத்தில் புதைத்துவிட்டால் மேல்மண்ணின் சூடு அதை எளிதில் எட்டாது. புதைக்க முடியாத இடத்தில் வைக்கோல் சுற்றலாம், சுண்ணாம்பு பூசலாம். குழாயின் கடைசி முனையில் ஒரு திருகு வைத்து, பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் தேங்கிய சூட்டு நீரை வெளியே விட்டால் புதுநீர் வந்து நிறையும். வெளியேறும் நீர் வீணாக வேண்டியதில்லை. அதன் வாயில் ஓர் அகத்தி மரம் நட்டால், அதுவே முயலுக்குத் தீனியாகும்.

மூன்றாவது, சட்டி வைப்போர் கவனிக்க வேண்டியது. தகரக் கிண்ணமும் மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணமும் விரைவில் சூடேறும். முயல் அவற்றைக் கவிழ்த்தும் விடும். கனமான மண்சட்டி கவிழாது. ஆனால் அதில் சாணமும் சிறுநீரும் விழும். அழுக்கு நீர் குடல் நோய்க்கு வழி செய்யும். ஆகவே காலையும் மாலையும் கழுவி நிரப்புதல் வேண்டும். உச்சி வேளையில் ஒரு முறை நீர் மாற்றுதல் வேண்டும். முயல் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் தின்னும் பிராணி. தின்ற பின் குடிக்கும். மாலையில் சட்டி நிறைந்திருப்பது காலையில் நிறைந்திருப்பதைவிட இன்றியமையாதது.

நான்காவது, கூரை. ஆஸ்பெஸ்டாஸோ தகரமோ ஆனால் மேலே தென்னங்கீற்று வேய்தல் வேண்டும். மேற்கிலிருந்து விழும் பிற்பகல் வெயிலை நனைத்த சாக்குத் திரை தடுக்கும். ஆனால் காற்றோட்டத்தை அடைத்துவிடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டார், புட்டியில் நீரை உறைய வைத்து நண்பகலில் கூண்டுக்குள் வைக்கலாம். முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். பனிநாட்டில் பகையாக இருந்த பனிக்கட்டி, வெயில் நாட்டில் நட்பாகிவிடுகின்றது.

யார் சுமப்பது?

இங்கே ஒரு தடை எழும். "மனிதர் குடிக்கவே நீர் இல்லை, முயலுக்குப் பானை வைக்கச் சொல்கின்றீரே!" என்பர். இந்தத் தடையை நான் எளிதாகத் தள்ளவில்லை. நம் ஊர்களில் சில நாளுக்கு ஒரு முறை குழாயில் நீர் வரும் தெருக்கள் உண்டு. அந்த நீரை இடுப்பில் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. தார் சுற்றி, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் அவர்கள் தலையில் விழும் இன்னொரு வேலை இது.

ஆகவே கணக்குப் பார்ப்போம். பத்துப் பெண் முயல், இரண்டு ஆண் முயல் உள்ள வீடு எனக் கொள்வோம். பால் கொடுக்கும் தாய் நான்கு என்றால் அவற்றுக்கு 4 லிட்டர். மற்ற எட்டுக்கும் கால் லிட்டர் வீதம் 2 லிட்டர். வளரும் குட்டி முப்பது இருந்தால் ஏறத்தாழ நான்கரை லிட்டர். ஆக, சாதாரண நாளில் பத்தரை லிட்டர். கோடையில் ஒன்றரை மடங்கு என்று வைத்தால் 16 லிட்டர். கழுவும் நீர் இதில் சேராது. நாள் ஒன்றுக்கு ஒரு குடத்திற்குச் சற்று மேல் என்பதே முடிவு. ஒரு கறவை மாட்டிற்கு வேண்டியதை நோக்க இது சிறிதே. ஆனால் ஒரு குடமும் ஒரு குடந்தான். அதைச் சுமக்கும் இடுப்பும் ஒன்றுதான்.

வீட்டின் பெண்மக்களைக் கேளாமல், கடன் விண்ணப்பத்தில் ஆண்மகன் மட்டும் கையெழுத்திட்டு முயல் வாங்கிவிட்டு, நீர் சுமக்கும் பொறுப்பை அவர்கள் தலையில் ஏற்றுவது நீதியன்று. அந்தக் குடத்தை யார் சுமப்பது, எங்கிருந்து சுமப்பது என்பதை இருவரும் கூடி முடிவு செய்யட்டும். விடை கிடைக்காத வீட்டில் பத்து முயலுக்குப் பதிலாக மூன்று முயல் போதும். நீருக்கு ஏற்ற முயலே வளர்க்க வேண்டுமன்றி, கூண்டுக்கு ஏற்ற முயல் அன்று.

சங்கம் செய்யத் தக்கது

தனி மனிதர் செய்வதைவிடச் சங்கம் சேர்ந்து செய்தால் எளிது என்பது நம் இயக்கத்தின் அடிப்படை. ஆகவே நிர்வாகக் குழுவினர் நான்கு கருத்துகளை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன்.

ஒன்று: முயல் கடன் கேட்போரிடம் கூண்டின் விலைப்பட்டியலைக் கேட்பது போலவே, நீர்க் கலமும் நிழலும் எங்கே என்று கேட்டு நேரில் கண்ட பின்னரே கடன் வழங்குதல் வேண்டும். பானைக்கும் கீற்றுக்கும் ஆகும் செலவைக் கடன் தொகையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு சினை முயலின் விலையோடு ஒப்பிட்டால் பானையின் விலை ஒரு பொருட்டன்று.

இரண்டு: முயல்களைப் பங்குனி, சித்திரையில் வழங்குதல் கூடாது. மலைக்குளிரில் பிறந்து வளர்ந்த முயல், சரக்கு வண்டியில் இறங்கிவந்து, இறங்கிய வாரமே கடும் வெயிலைக் கண்டால் தாங்காது. ஆவணி, புரட்டாசியில் வழங்கினால், அடுத்த கோடைக்குள் அது நம் காற்றுக்கும் நீருக்கும் ஓரளவு பழகிவிடும், வளர்ப்பவரும் பழகிவிடுவார். ஆண்டு முடிவிற்குள் கடன் இலக்கை முடிக்க வேண்டும் என்பதற்காகப் பங்குனியில் முயல் வழங்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதைக் கைவிடுதல் வேண்டும்.

மூன்று: பார்வையிடச் செல்வோர் உச்சி வேளையில் செல்லுதல் வேண்டும். காலை எட்டு மணிக்கு எந்தக் கொட்டகையும் குளிர்ந்தே இருக்கும். எந்த முயலும் துள்ளியே நிற்கும். அந்த வேளையில் எழுதும் அறிக்கையால் ஒருவருக்கும் பயனில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்று, நீரைக் கையில் ஏந்திப் பார்த்து எழுதும் ஒரு வரி, காலையில் எழுதும் பத்துப் பக்கங்களைவிட மேலானது.

நான்கு: உறுப்பினர்களுக்கு வேண்டிய பானைகளைச் சங்கமே மொத்தமாக நம் வட்டாரக் குயவர்களிடம் வாங்கிக் கொடுக்கலாம். குழாய் பொருத்திய பானை வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் அவர்கள் செய்து தருவர். நெசவாளி, உழவர், குயவர் ஆகிய மூவரின் வருவாயும் ஒரு பானையில் சந்திக்குமானால் அதுவும் கூட்டுறவே அன்றோ?

"மூன்று முயல் இறந்ததற்கு இத்தனை பெரிய கட்டுரையா?" என்று அன்பர் ஒருவர் நகைக்கக்கூடும். அந்த மூன்று முயல்களின் வயிற்றில் இருந்த குட்டிகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு நான் கட்டத் தவறிய தவணையையும் சேர்க்கவில்லை. அதன் பிறகு முயல் என்றாலே தலையசைத்து மறுத்த என் தெருவாரையும் சேர்க்கவில்லை. ஓர் உபதொழில் நம் ஊரில் வேரூன்றாமல் போவதற்குப் பெருங்காரணம் வேண்டியதில்லை. முதற்கோடையில் சிலருடைய முயல்கள் இறந்தால் போதும். 'முயல் நம் ஊருக்கு ஒவ்வாது' என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். ஒவ்வாமற் போனது முயலா, அதற்கு நாம் வைத்த தண்ணீரா என்று பின்னர் எவரும் கேளார்.

இப்போது என் கொட்டகையில் ஆறு பெண் முயல்கள் இருக்கின்றன. கறுப்புத் தொட்டியைக் கீழே இறக்கித் தறிக்கு நீர் தெளிக்க வைத்துக்கொண்டேன். கூண்டின் தலைமாட்டில் ஈரச் சாக்குச் சுற்றிய பானை ஒன்று நிற்கின்றது. உச்சி வேளையில் நாடாவை நிறுத்தி எழுந்து, முதலில் நீரைக் கையில் ஏந்திப் பார்க்கின்றேன். என் உள்ளங்கைக்கு இதமாக இருந்தால் முயலுக்கும் இதமே. நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் வரும் பங்குனிக்கு முன் இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொள்வோமாக.